பொழுதுபோக்கு ட்ரோன்: எதைப் பார்த்து வாங்குவது, எதை விட்டுவிடுவது

ட்ரோன் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை கிலோமீட்டர் போகும், எத்தனை நிமிடம் பறக்கும், எத்தனை 'கே' வீடியோ. வாங்குகிறவருக்கு இந்த மூன்றும் அவ்வளவாக உதவாது. 10 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும் கையடக்க ட்ரோன் 300 மீட்டர் தாண்டினாலே வானத்தில் ஒரு புள்ளிதான். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே தெரியாது. கண்பார்வைக்குள்தான் பறக்கவிட வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி என்பதால், மிச்சமுள்ள ஒன்பது கிலோமீட்டருக்கு வேலையே இல்லை. அந்த எண்ணுக்கு மறைமுகமான பயன் ஒன்று உண்டு. வெட்டவெளியில் 10 கிலோமீட்டர் எட்டும் சிக்னல், மரமும் கட்டடமும் உள்ள இடத்தில் அரைக் கிலோமீட்டருக்குள் அறுந்துபோகாமல் நிற்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ட்ரோன் மேலே ஏறிய பிறகு உங்கள் கவனம் எங்கே இருக்கப்போகிறது? திரையில் தெரியும் காட்சியில் என்றால் ஜிபிஎஸ் உள்ள கேமரா ட்ரோன். கட்டைவிரலுக்கடியில் இருக்கும் ஸ்டிக்கில் என்றால் எஃப்பிவி, அதாவது ட்ரோனின் கேமராக் காட்சியைக் கண்ணில் மாட்டிய திரையில் பார்த்தபடி நாமே ஓட்டும் வகை. இரண்டிலும் இல்லை, நான் சைக்கிள் ஓட்டுவேன், அது பின்னால் வந்து படம் எடுக்கட்டும் என்றால் தானாகப் பின்தொடரும் சிறு ட்ரோன். வீட்டுக்குள் பிள்ளைகள் ஓட்டிப் பழகவோ நிரல் எழுதிப் பார்க்கவோ என்றால் பொம்மை வகை. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. ஒன்றின் விலைக்கு இன்னொன்று கிடைக்கிறதே என்று மாற்றி வாங்கும் ட்ரோன்தான் சீக்கிரம் அலமாரிக்குப் போகும்.

பொம்மையில் நல்லதும் போலியும்

100 கிராமுக்குள் எடை, ப்ரொப்பெல்லரைச் சுற்றிக் காப்பு வளையம், 5 முதல் 8 நிமிடப் பறத்தல், கழற்றி மாட்டும் பேட்டரி மூன்று. நல்ல பொம்மை ட்ரோனுக்கு இவ்வளவு போதும். உள்ளே இருக்கும் காற்றழுத்த சென்சார் உயரத்தை மட்டும் பிடித்துவைக்கும். இடத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் லேசான காற்றிலேயே நகர்ந்து நகர்ந்து போய்விடும். ஆகவே வீட்டுக்குள் மட்டும். ஒரு படி மேலே ரைஸ் டெல்லோ போன்றவை: 80 கிராம், 720பி வீடியோ, கணக்குப்படி 13 நிமிடம். அடியில் உள்ள சிறு கேமரா தரையைப் பார்த்து, தான் நகர்கிறோமா என்று கணித்துக்கொள்ளும். ஸ்கிராட்ச், பைத்தான் இரண்டிலும் நிரல் எழுதி ஓட்டலாம் என்பதே டெல்லோவை வாங்க நல்ல காரணம். பளபளக்கும் ஒற்றை நிற டைல்ஸ், மங்கிய வெளிச்சம், தண்ணீர் ஆகியவற்றின் மேல் அடிக்கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. ட்ரோன் வழுக்கிக்கொண்டே சுவரில் போய் முட்டும். தரையில் நாளிதழ் இரண்டை விரித்துப்போட்டால் பெரும்பாலும் அடங்கி நிற்கும்.

இந்த வகையில் இருப்பவை பெரும்பாலும் பிரஷ் மோட்டார்கள். பிரஷ் தேயும், சில மணி நேரப் பறத்தல்தான் ஆயுள். நான்கில் ஒன்று தளர்ந்துவிட்டால் ட்ரோன் அந்த மூலைப் பக்கமே சாயும், ட்ரிம் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் நேராகாது. மாற்று மோட்டார் வாங்கும்போது வயரின் நிறத்தைப் பாருங்கள். பொதுவாகச் சிவப்பு-நீலம் ஒரு திசையில் சுற்றும், கறுப்பு-வெள்ளை எதிர்த்திசையில். குறுக்காக எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே ஜோடி. ஒரே நிறத்தில் நான்கு வாங்கினால் இரண்டு வீண்.

போலி என்பது வேறு. பெரிய கேமரா ட்ரோனின் உருவத்தை அப்படியே அச்செடுத்து, 'இரட்டைக் கேமரா, 4கே, தடை தவிர்ப்பு' என்று எழுதி, பொம்மையைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்பார்கள். சந்தையில் மிக மோசமான வாங்கல் இதுதான்; பொம்மையின் தாங்கும் குணமும் இல்லை, கேமராவின் படமும் இல்லை. கண்டுபிடிப்பது எளிது. ட்ரோனின் உடம்பில் மெமரி கார்டு போடும் இடமோ உள்நினைவகமோ உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வீடியோ வைஃபை வழியே போனுக்கு வந்து அங்கேதான் பதிவாகிறது. சிக்னல் தடுமாறும் இடத்திலெல்லாம் படமும் விக்கும். அடுத்து, 'மின்முறையில் கோணம் மாற்றும் கேமரா' என்று இருந்தால் அது கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடித்துவைக்கும் மோட்டார் தாங்கி) அல்ல, மேலும் கீழும் ஆடும் லென்ஸ் மட்டுமே. மூன்று அச்சுக் கிம்பல் என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த 'இரண்டாவது கேமரா' பெரும்பாலும் தரையைப் பார்க்கும் அடிக்கேமராதான். கிம்பல் இல்லாத கேமராவில் மோட்டார் அதிர்வு நேராகச் சென்சாருக்குப் போகிறது. சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் நேர்க்கோடுகள் நெளிந்து, கட்டடமே தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடும். இதை எந்தச் செயலியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

கேமரா ட்ரோன்: 249 கிராமும் அதற்கு மேலும்

பெரும்பாலானோருக்கு வேண்டியது இந்த வகைதான். டிஜேஐ நிறுவனத்தின் மினி வரிசை 249 கிராமில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. பல நாடுகளில் விதி 250 கிராமில் மாறுகிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்கு ட்ரோன் அதற்கு மேல் போனால் பதிவு கட்டாயம். இந்தியாவில் அந்த எடை வரை 'நானோ' வகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குக் கீழே கட்டுப்பாடு மிகக் குறைவு, ஆனால் கேமரா இருந்தால் இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். பிரிட்டன் 2026 ஜனவரியிலிருந்து 100 கிராமிலேயே கோட்டைப் போட்டிருக்கிறது. ஆகவே வாங்கும் முன் உங்கள் நாட்டின் இன்றைய விதியைப் பாருங்கள், பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

கோட்டுக்கு ஒரு கிராம் கீழே இருப்பதால் மேலே எதை ஒட்டினாலும் தாண்டிவிடும். காப்பு வளையம், ஒளிரும் விளக்கு, சில ஃபில்டர்கள் எல்லாம் கணக்கில் சேரும். மினி 4 ப்ரோவுக்கு 'பிளஸ்' பேட்டரி போட்டால் 34 நிமிடம் 45 ஆகும். எடையும் 250-ஐத் தாண்டும்.

சென்சார் விஷயத்துக்கு வருவோம். டிஜேஐ மினி 4கே-யில் இருப்பது 1/2.3 அங்குலச் சென்சார், எஃப்/2.8 லென்ஸ் (இந்த எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிது). மினி 3, மினி 4 ப்ரோ, ஃபிளிப் மூன்றிலும் 1/1.3 அங்குலம், எஃப்/1.7. பரப்பளவில் சொன்னால் முதலாவது சுமார் 28 சதுர மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 69. லென்ஸ் திறப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டாவதற்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சம் ஆறு மடங்குக்கு மேல். இரண்டுமே '4கே' என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும். உச்சி வெயிலில் இரண்டின் படத்தையும் போன் திரையில் பார்த்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள், சின்னச் சென்சாரின் நிழல் பகுதிகளில் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். காலை, மாலை வெளிச்சத்தில் எடுக்க ஆசைப்படுபவர் மினி 4கே-யை விட்டுவிடலாம். பகலில் மட்டும் பறக்கவிடுபவருக்கு அது தாராளம். மிச்சமாகும் பணத்தைப் பேட்டரியில் போடலாம்.

திறப்பு பெரிதாக இருப்பதிலும் சங்கடம் உண்டு. மினி வரிசையில் திறப்பைக் குறைக்க வழியில்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/1.7 என்றால் ஷட்டர் நொடியில் சுமார் 1/8800-க்குப் போய்விடும். நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோ கண்ணுக்கு இயல்பாக ஓட 1/50 அளவில் ஷட்டர் வேண்டும். அதைவிடக் குறுகினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் என்டி ஃபில்டர், லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. கணக்குப்படி உச்சி வெயிலுக்கு என்டி128, மேகமூட்டத்துக்கு என்டி32 அல்லது 16. கடையில் எல்லோருக்கும் தள்ளிவிடும் என்டி4, 8, 16 தொகுப்பு, வெயிலில் எஃப்/1.7 லென்ஸுக்குப் போதாது. புகைப்படம் மட்டும் எடுப்பவருக்கு ஃபில்டரே வேண்டாம். கிம்பலின் நுனியில் மாட்டும் பொருள் என்பதால் அந்த மாடலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். எடை கூடினால் இயக்கியவுடன் கிம்பல் தன்னைச் சோதித்துக்கொள்ளும்போதே துடித்து, மோட்டார் சுமை என்று எச்சரிக்கை வரும்.

அடுத்து, தடை உணரும் சென்சார். மினி 4கே, மினி 3 இரண்டுக்கும் கீழே மட்டும்தான் கண். மினி 4 ப்ரோவுக்கு எல்லாப் பக்கமும். திறந்த மைதானத்திலும் ஏரிக்கரையிலும் நிதானமாகப் பறக்கவிடுபவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கண் இல்லாத ட்ரோன் எங்கே அடிவாங்குகிறது என்று பார்த்தால், ஆள் நேராக ஓட்டும்போது அல்ல. பட்டனைத் தட்டியதும் தானாகப் பின்வாங்கி ஏறும், அல்லது சுற்றி வரும் அந்தக் குறும்பட மோடுகளில்தான் ட்ரோன் முதுகைக் காட்டிக்கொண்டு மரத்துக்குள் போகும். அத்தகைய மோடுகளை அதிகம் பயன்படுத்துவீர்கள், அல்லது ஓடும் ஆளைப் பின்தொடர வைப்பீர்கள் என்றால் எல்லாப் பக்கச் சென்சாருக்கு அர்த்தமுண்டு. பின்தொடரும் வசதி மினி 3-இல் கிடையாது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். சென்சார் இருந்தாலும் மின்கம்பி, இலையுதிர்ந்த மெல்லிய கிளை, கண்ணாடி இவற்றை அது காணாது. அந்தி மங்கினால் முக்கால்வாசிக் குருடு. வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் மோடில் தடுத்து நிறுத்தாது. 'மோதாத ட்ரோன்' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

நிமிடக் கணக்கு பற்றி. 34 நிமிடம் என்பது காற்றே இல்லாத இடத்தில் ஒரே சீரான வேகத்தில், முழுச் சார்ஜிலிருந்து பூஜ்யம் வரை அளந்தது. நீங்களோ 20-25 சதவீதம் மிச்சம் வைத்து இறக்க வேண்டும். ஏறி இறங்கி, காற்றோடு மல்லுக்கட்டி, நடைமுறையில் கையில் கிடைப்பது 22 முதல் 25 நிமிடம். 31 நிமிடமா 38 நிமிடமா என்று இரண்டு மாடலை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, மூன்று பேட்டரி உள்ள தொகுப்பை வாங்குவது நல்லது.

காற்றுதான் சின்ன ட்ரோன்களின் உண்மையான எல்லை. இங்கே சொன்ன மினிகள் நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்கிறார்கள். மினி 3-இன் சாதாரண மோடில் அதிகபட்ச வேகமே நொடிக்கு 10 மீட்டர். எதிர்க்காற்று அதே அளவுக்கு வீசினால் ஸ்டிக்கை முழுதாகத் தள்ளியும் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். தரையில் இலை அசையாத நாளிலும் 80 மீட்டர் மேலே காற்று பலமாக இருக்கக்கூடும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். மாட்டிக்கொண்டால் முதலில் உயரத்தைக் குறையுங்கள், காற்று தணியும். பிறகு ஸ்போர்ட் மோடுக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள். பதற்றத்தில் 'வீடு திரும்பு' பட்டனை அழுத்தினால், குறித்துவைத்த உயரத்துக்குக் கீழே இருக்கும் ட்ரோன் முதலில் அந்த உயரத்துக்கு ஏறும், அதாவது இன்னும் பலமான காற்றுக்குள்.

அந்தப் பட்டன் சம்பந்தமாக இரண்டு அமைப்புகளை முதல் நாளே சரிபாருங்கள். திரும்பும் உயரம், சுற்றிலும் உள்ள மிக உயர்ந்த மரம் அல்லது கட்டடத்தைவிட 15-20 மீட்டர் அதிகமாக இருக்க வேண்டும். புறப்படும் முன் செயற்கைக்கோள் பிடிபட்டு, வீட்டுப் புள்ளி (ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானது என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் காற்று தள்ளிக்கொண்டு போன வேறொரு இடத்தில் ஜிபிஎஸ் பிடித்து, அதையே வீடு என்று பதிவு செய்துகொள்ளும். அங்கே குளம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. திசைகாட்டி பற்றிய எச்சரிக்கை வந்தால் நின்ற இடத்திலேயே சரிசெய்ய முயலாதீர்கள். கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பியோ கார் பானெட்டோதான் பெரும்பாலும் காரணம். பத்தடி தள்ளி மண்தரைக்குப் போனாலே மறையும்.

இதற்கு மேலே ஏர் வகை. டிஜேஐ ஏர் 3எஸ் 724 கிராம். 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 1 அங்குலச் சென்சார், கூடவே 70 மில்லிமீட்டர் லென்ஸோடு இன்னொரு கேமரா. காற்றுத் தாங்கும் எண்ணைப் பார்த்தால் நொடிக்கு 12 மீட்டர்தான், மினியைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பலத்த காற்றில் மினியின் உடல் அதிகமாகச் சாய்ந்து கிம்பல் தன் எல்லையைத் தொட, அடிவானம் கோணலாகும் இடத்தில் இது அசையாமல் எடுக்கும். 70 மில்லிமீட்டர் லென்ஸ்தான் இதை வாங்க உண்மையான காரணம். பறவைக்கும் விலங்குக்கும் தொந்தரவில்லாமல் தள்ளி நின்று எடுக்கலாம். பின்னணி மலை முன்னால் உள்ள வீட்டின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சி, அகன்ற லென்ஸ் மட்டும் உள்ள எந்த ட்ரோனிலும் வராது. பதிவும் உரிமமும் தலைவலி இல்லாத நாட்டில் இருந்து, பையில் முக்கால் கிலோ கூடுவதைப் பொருட்படுத்தாதவர் என்றால் மினி 4 ப்ரோவைத் தாண்டி நேராக இதற்கே போகலாம். மாவிக் 3 வரிசையின் 4/3 அங்குலச் சென்சார், சுமார் 225 சதுர மில்லிமீட்டர், படத்தைப் பெரிதாக அச்சிட்டு விற்பவர்களுக்கானது. பொழுதுபோக்குக்கு வேண்டாம்.

ரிமோட்டில் இரண்டு வகை: போனைச் செருகுவது, திரையோடு வருவது. போன் வெயிலில் சூடேறி வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும், நடுவில் அழைப்பு வரும், கேபிள் ஆடினால் படம் போகும். திரையுள்ள டிஜேஐ ஆர்சி 2 வெயிலிலும் படிக்கும்படி 700 நிட்ஸ் வெளிச்சம் தரும். இயக்கினால் உடனே தயார். பறக்கவிடும் எண்ணிக்கை இதனாலேயே கூடும் என்பதால், கூடுதல் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் தடை சென்சாருக்கு முன் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன்தான் என்று முடிவெடுத்தால், ஆண்ட்ராய்டில் டிஜேஐயின் செயலியை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் நிலைக்குமா என்பதும் கேள்விதான். கோப்ரோ 2016-இல் கர்மா ட்ரோனை இறக்கி, பறக்கும்போதே மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றது. 2018-இல் இந்தத் தொழிலையே விட்டது. ஆளைப் பின்தொடர்வதில் அசத்திய ஸ்கைடியோ 2023-இல் நுகர்வோர் பக்கத்தை மூடியது. ட்ரோன் நன்றாக இருந்தாலும் பேட்டரி கிடைக்காவிட்டால் அது காட்சிப்பொருள். வாங்க நினைக்கும் மாடலுக்குப் பேட்டரியும் ப்ரொப்பெல்லரும் தனியாக விற்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

பின்தொடரும் சிறுசுகள்

டிஜேஐ நியோ 135 கிராம், ஹோவர் ஏர் எக்ஸ்1 125 கிராம். உள்ளங்கையில் வைத்துப் பட்டனை அழுத்தினால் எழும், கையை நீட்டினால் வந்து இறங்கும், ரிமோட் வேண்டாம். நடைபயணம், குடும்பப் படம், தனியாக ஊர் சுற்றுவோர் ஆகியோருக்குப் பொருத்தம். குறைகள் இவை: பறத்தல் நியோவில் 18 நிமிடம், எக்ஸ்1-இல் 11. மெமரி கார்டு கிடையாது, நியோவின் 22 ஜிபி நிறைந்தால் போனுக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த படம். நியோவின் கிம்பல் ஒற்றை அச்சு, மற்ற ஆட்டத்தைப் படத்தின் ஓரத்தை வெட்டி மென்பொருள் சரிசெய்யும். நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் காற்றில் எடுக்காதீர்கள். சின்ன ப்ரொப்பெல்லர் வேகமாகச் சுற்றுவதால் சத்தம் கீச்சென்று இருக்கும். தண்ணீர் மேல், குறிப்பாகத் தரையைப் பார்த்தே நிலைகொள்ளும் எக்ஸ்1-ஐ, விடவே கூடாது.

ஃபிளிப் இதற்கும் மினிக்கும் நடுவில்: 249 கிராம், மடங்கும் காப்பு வளையம், மினி 3 அளவுச் சென்சார், 31 நிமிடம். ஆள்கள் பக்கத்தில் பறக்கவிட நல்ல ஏற்பாடு. அந்த வளையமே காற்றில் பாய்மரமாகிவிடும் என்பதால் கடற்கரைக்காரர்களும் மலைக்காரர்களும் மினியை எடுப்பது மேல்.

எஃப்பிவி: வாங்கும் வரிசைதான் முக்கியம்

இங்கே ட்ரோன் கடைசியில் வருகிறது. முதலில் வாங்க வேண்டியது ரேடியோ, அதாவது ரிமோட். ரேடியோமாஸ்டர் பாக்கெட் போன்ற, எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் (ரிமோட்டும் ட்ரோனும் பேசிக்கொள்ளும் முறை) உள்ள ஒன்று, யுஎஸ்பி வழியே கணினியில் செருகக்கூடியது. அதோடு லிஃப்ட்ஆஃப், வெலாசிட்ரோன் போன்று கணினியிலேயே ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் ஒன்று. அதில், ஸ்டிக்கை விட்டதும் தானாகச் சமநிலைக்குத் திரும்பும் ஆங்கிள் மோடைத் தொடாமல் அக்ரோ மோடிலேயே 10 முதல் 20 மணி நேரம். அக்ரோவில் ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் சமநிலைக்குத் திரும்பாது, சாய்ந்த கோணத்திலேயே போய்க்கொண்டிருக்கும். ஆங்கிளில் பழகிவிட்டு அக்ரோவுக்கு மாறுபவர் முதல் நிமிடமே தரையில் அடிப்பதற்குக் காரணம் இதுதான். சிமுலேட்டர் அலுத்துப்போனால் நல்லது. ரேடியோவின் விலையோடு போயிற்று.

அடுத்தது டைனி ஹூப்: 65 மில்லிமீட்டர் சட்டம், 31 மில்லிமீட்டர் ப்ரொப்பெல்லர், பேட்டரியோடு சேர்த்து 30 கிராமை ஒட்டிய எடை. சோபாவிலும் திரைச்சீலையிலும் மோதினால் ஒன்றும் ஆகாது. 1எஸ் (ஒரே செல் உள்ள) 300 எம்ஏஎச் பேட்டரி 3-4 நிமிடம்தான் வரும், ஆகவே ஆறு அல்லது எட்டு வேண்டும். பேட்டரி இணைப்பியில் பிஎச்2.0, பிடி2.0 என்று இரண்டு வகை. ஒன்றை முடிவு செய்து எல்லாவற்றையும் அதிலேயே வாங்குங்கள். புது ஹூப் ரேடியோவோடு இணைய மறுத்தால் பெரும்பாலும் பழுது அல்ல. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மென்பொருள் ஒன்றில் 2-ஆம் பதிப்பாகவும் இன்னொன்றில் 3-ஆம் பதிப்பாகவும் இருக்கும். முதல் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் பேசும்.

உண்மையில் பெரிய முடிவு காகிள்ஸ், அதாவது ட்ரோன் அனுப்பும் காட்சியைப் பார்க்கக் கண்ணில் மாட்டும் திரை. டிஜேஐ காகிள்ஸ் டிஜேஐ வீடியோவோடுதான் சேரும், வாக்ஸ்னெயில் வாக்ஸ்னெயிலோடு. பழைய 5.8 கிகாஹெர்ட்ஸ் அனலாக் முறையில் படம் புள்ளி புள்ளியாக இருக்கும், ஆனால் தாமதம் மிகக் குறைவு, கருவிகள் மலிவு, எந்த நிறுவனத்தின் பொருளும் எதோடும் சேரும். ஹூப் மட்டும் போதும் என்பவர் அனலாகில் தொடங்குவது புத்திசாலித்தனம். நல்ல வீடியோ பதிவு வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே டிஜிட்டல். நடுவில் மாறினால் காகிள்ஸும் ஒவ்வொரு ட்ரோனின் டிரான்ஸ்மிட்டரும் மாற வேண்டும்.

திறந்தவெளிக்கு 5 அங்குல ட்ரோன் (ப்ரொப்பெல்லரின் அளவு அது). 6எஸ் (ஆறு செல்) 1300 எம்ஏஎச் பேட்டரி, 2207 அளவு மோட்டார், 1750 முதல் 1950 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று), பறத்தல் 4 முதல் 6 நிமிடம். 4எஸ் பேட்டரிக்கென்று சுற்றிய 2400 கேவி மோட்டாருக்கு 6எஸ் மாட்டினால் மோட்டாரோ அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி பலகையோ எரியும். கைவசம் இருக்க வேண்டியவை: 60 வாட் சால்டரிங் அயர்ன், 63/37 ஈயம், 2 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர், ப்ரொப்பெல்லர் நட்டுக்கு 8 மில்லிமீட்டர் ஸ்பேனர், முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது நடுவில் மாட்ட ஒரு ஸ்மோக் ஸ்டாப்பர். எங்காவது ஷார்ட் ஆகியிருந்தால் அது மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பலகையைக் காப்பாற்றும். மேசையில் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கக் கூடாது. இது விரலை இழக்கச் செய்யும் கருவி, பொம்மை அல்ல.

லிப்போ பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்குங்கள், 3.8 வோல்ட்டில் எடுத்துவையுங்கள், 1சி-யில் சார்ஜ் செய்யுங்கள். 1300 எம்ஏஎச்-க்கு அது 1.3 ஆம்பியர். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் விட்டால் உப்பும். உப்பியதை இன்னொரு முறை மட்டும் என்று மாட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இத்தனை வேலையும் வேண்டாம், அந்தப் பறக்கும் உணர்வு மட்டும் வேண்டும் என்றால் டிஜேஐ அவாட்டா 2: 377 கிராம், 23 நிமிடம், ப்ரொப்பெல்லர்கள் வளையத்துக்குள், கையசைத்தே ஓட்டும் கன்ட்ரோலர், பிரேக் பட்டனை அழுத்தினால் அந்தரத்தில் நிற்கும். முழு அக்ரோ ஓட்ட எஃப்பிவி ரிமோட் 3-ஐத் தனியாக வாங்க வேண்டும். 5 அங்குல ட்ரோனின் சட்டத்தில் ஒரு கை ஒடிந்தால் அந்தக் கையை மட்டும் மாற்றி அன்று மாலையே பறக்கலாம். அவாட்டா உடைந்தால் சர்வீஸ் சென்டர்தான். பழுது பார்ப்பதையே ரசிப்பவர் அவாட்டாவில் சலித்துப்போவார், சால்டரிங் பிடிக்காதவர் 5 அங்குலத்தில் தவித்துப்போவார். எதுவானாலும், காகிள்ஸ் மாட்டியிருக்கும் நேரத்தில் ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும் என்று பல நாடுகள் விதி வைத்திருக்கின்றன.

பழையது வாங்கினால்

கேமரா ட்ரோன்களில் செகண்ட் ஹேண்ட் நல்ல வழி, சிலவற்றைப் பார்த்து வாங்கினால். டிஜேஐ ட்ரோன் பழைய உரிமையாளரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அவரே தன் போனில் அதை நீக்கிக் காட்டிய பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். செயலியில் ஒவ்வொரு பேட்டரியும் எத்தனை முறை சார்ஜ் ஆனது என்று தெரியும். பேட்டரியைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள், ஆடினால் உப்பியிருக்கிறது. கைகள் மடங்கும் கீலருகே மயிரிழை விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ப்ரொப்பெல்லர் திருகின் தலை மழுங்கியிருந்தால் அடிக்கடி மாற்றியிருக்கிறார்கள், அதாவது அடிக்கடி மோதியிருக்கிறது. மினியில் குறியிட்ட இதழ்கள் குறியிட்ட கையில்தான் போக வேண்டும். மாற்றிப் போட்டால் எழும்பும்போதே குப்புற விழும். இதழோடு வரும் புதுத் திருகில் பிடிப்புக்குப் பசை தடவியிருக்கும், பழையதை மீண்டும் போடக் கூடாது. கடைசியாக, ஸ்டிக்கிலிருந்து கையெடுத்து ட்ரோனை இடுப்புயரத்தில் இரண்டு நிமிடம் அந்தரத்தில் நிறுத்தி, கேமராவை மேலும் கீழும் முழுதாகச் சாய்த்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் மட்டும் படம் துள்ளினாலோ கறுத்தாலோ, கிம்பலுக்குள் போகும் ரிப்பன் கேபிள் கிழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றும் செலவைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.